ஓயாத வேலை... ஓயாத வலி! நெட்டி எடுத்தால் சரியாகுமா?

மல்லிகை சீசன் வந்துவிட்டால், பூப்பறிக்கும் பெண்கள் விடிவதற்கு முன்பே தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். மொக்கு மலர்வதற்குள் பறித்து, மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொக்குகள் வேண்டும். ஒவ்வொரு மொக்குக்கும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒருமுறை கிள்ளியாக வேண்டும். கனமான வேலை இல்லைதான். ஆனால், சீசன் முடியும்போது சோற்றைப் பிசையக்கூட முடியாமல் பெருவிரல் வலிக்கிறது.

கறவைக்காரருக்கும் இதே கதைதான். மண்வெட்டி பிடிப்பவருக்கு முழங்கை, களையெடுப்பவருக்கு இடுப்பு, விசைத்தெளிப்பான் சுமப்பவருக்குத் தோள்பட்டை. கீழே விழவில்லை, அடி எதுவும் படவில்லை. ஆனாலும் வலி மட்டும் போகவில்லை. ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்ப்பார்கள். கேட்காவிட்டால் மருந்துக்கடையில் 2 மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் சுளுக்கு எடுப்பவரிடம் போவார்கள். இப்போது புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கழுத்தைத் திருப்பி, முதுகை அழுத்தி ‘டக்... டக்’ என்று சத்தம் வரவைக்கும் கைரோபிராக்டிக் வீடியோக்கள் செல்போனில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ‘எலும்பு விலகியிருக்கு, ஒரே தடவையில் உட்கார வெச்சுடலாம்’ என்று டவுனில் கடை போட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

கைவைத்துச் செய்யும் சிகிச்சைகளால் பலனே இல்லையா? உண்டு. ஆனால், எந்த வலிக்கு, யார் கையால், எந்த அளவுக்கு என்பது தெரியாமல் போனால் காசும் போகும், சில சமயம் கையும் காலும்கூடப் போகும்.

கிணற்றுக் கயிறும் கை நரம்பும்!

கையில் ‘நரம்பு இழுக்குது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் நரம்பு அல்ல. தசையை எலும்போடு இணைக்கும் நாண். அதைத் தசைநாண் என்பார்கள். கிணற்றுச் சகடையில் ஓடும் கயிறுபோல, இந்த நாண்கள் மணிக்கட்டில் உள்ள குறுகலான உறைகளுக்குள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. ஒரு நாளைக்கு 20 குடம் இறைத்தால் கயிறு பல வருடங்கள் தாங்கும். விடாமல் இறைத்தால் சகடை உரசும் இடத்தில் நார் பிரியும். தசைநாணும் அப்படித்தான். கயிற்றுக்கும் நாணுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கயிறு தானாகச் சரியாகாது. நாண் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், அதற்கு அவகாசம் கொடுத்தால்! இன்றைய தேய்மானம் ஆறுவதற்குள் நாளைய வேலை வந்து சேர்ந்தால், உறை தடித்து, நாண் வலுவிழந்து, வலி நிரந்தரமாகிறது. இதைத்தான் மருத்துவத்தில் ‘திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் பாதிப்பு’ என்கிறார்கள்.

எந்த வலி எந்த நோய்?

பெருவிரல் அடி: பால் கறப்பவர்கள், பூப்பறிப்பவர்கள், கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்கள் ஆகியோருக்கு அதிகம் வரும். பெருவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். பெருவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் சுரீரென்று வலித்தால், பெருவிரல் நாண்களின் உறை வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வெய்ன் 1895-ம் ஆண்டு இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் இந்த நோய் அழைக்கப்படுகிறது.

முழங்கையின் வெளிப்பக்கம்: மண்வெட்டி, அரிவாள், கவாத்துக் கத்தரி பிடிப்பவர்களுக்கு வரும். சொம்பைத் தூக்கினாலோ, துணியைப் பிழிந்தாலோ வலிக்கும். ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால், டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும் இது வரும்.

விரல்கள் மரத்துப்போதல்: பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை மதமதப்பு. நடு இரவில் விழிப்பு வந்து, கையை உதறினால்தான் சரியாகும். இது நாண் அல்ல, உண்மையிலேயே நரம்புதான். மணிக்கட்டில் உள்ள குறுகிய பாதையில் நரம்பு நசுங்குகிறது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்ப காலம் ஆகியவற்றிலும் வரும் என்பதால், ரத்தப் பரிசோதனை அவசியம். ‘சரியாகிவிடும்’ என்று வருடக்கணக்கில் விட்டுவைத்தால், பெருவிரலின் மேட்டுச் சதை வற்றிப்போய், பிடியே விட்டுப்போகும். வற்றிய சதை பிறகு முழுமையாகத் திரும்புவது கடினம். கறவையை நம்பிப் பிழைப்பவருக்கு அது வாழ்வாதாரப் பிரச்னை.

இடுப்பு: குனிந்தே நாற்று நடுவது, களை பறிப்பது ஆகியவற்றால் வரும் வலி. பெரும்பாலும் தசையும் மூட்டுகளும் களைத்துப்போவதால் வருகிறது. ‘எலும்பு விலகல்’ என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை விலகலே அல்ல.

இன்னொன்றும் உண்டு. பிரஷ் கட்டர், பவர் டில்லர் போன்ற அதிரும் கருவிகளைப் பல மணி நேரம் பிடிப்பவர்களுக்கு, குளிர்ந்த காலை வேளையில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். இது ரத்தக்குழாய் பாதிக்கப்படுவதன் அடையாளம். இதற்கு எந்தத் தடவலும் தீர்வு ஆகாது. கருவியைப் பிடிக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம்.

‘டக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

டி குவெர்வெய்ன் பெருவிரல் நோயை விவரித்த அதே 1895-ம் ஆண்டில்தான், அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கினார். காது மந்தமான ஒரு தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திவிட்டதும் கேட்கும் திறன் திரும்பியது என்றார் அவர். பெரும்பாலான நோய்களுக்கு எலும்பு இடம் விலகி நரம்பை அழுத்துவதே காரணம் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. அதேநேரம், முதுகுவலிக்குக் கைவைத்துச் செய்யும் அந்தச் சிகிச்சையை முழுமையாக ஒதுக்கவும் இல்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல ஆண்டுகள் படித்து, உரிமம் பெற்ற பிறகே இந்தத் தொழிலைச் செய்ய முடியும்.

மூட்டைத் திடீரென்று இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. மூட்டில் உள்ள வழுவழுப்பான திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாகிறது. ‘டக்’ சத்தம் அதனால் வருவதுதான். விலகிய எலும்பு உட்கார்ந்த சத்தம் அல்ல. சத்தத்துக்குப் பிறகு இறுக்கம் தளர்ந்து கொஞ்ச நேரம் சுகமாக இருப்பது உண்மை. அந்தச் சுகம் நோய் தீர்ந்ததற்கு அடையாளம் அல்ல.

நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, மசாஜ், முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. நம் ஊரில் பலரும் காசு கொடுத்து வாங்கும் இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆக, இடுப்புக்குக் கைவைத்தியம் ஒரு துணை. ஆனால், பெருவிரலுக்கும் முழங்கைக்கும் வந்த நாண் பாதிப்பைக் கழுத்தில் சத்தம் எழுப்பிச் சரிசெய்ய முடியாது.

தடவலுக்கு ஓர் இடம் உண்டு!

நாண், தசை போன்ற மென்திசுக்களை அழுத்தித் தடவிச் செய்யும் சிகிச்சை நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவங்களில் தொக்கணம் ஒன்று. வர்மம், தொக்கணம் இரண்டையும் முறைப்படி படித்த சித்த மருத்துவர்கள் பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறார்கள். சென்னை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது. இயன்முறை மருத்துவர்களும் (பிசியோதெரபிஸ்ட்) இதே வேலையை வேறு பெயரில் செய்கிறார்கள். ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் பரப்பிய, நாணின் குறுக்கே அழுத்தித் தேய்க்கும் முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இவற்றால் வலி குறைகிறது. வலி குறைந்தால் கையை அசைக்க முடிகிறது. அந்த நேரத்தில் நாணுக்குப் பயிற்சி கொடுத்து வலுவேற்ற வேண்டும். தடவல் என்பது கதவைத் திறந்துவிடும் வேலை மட்டுமே. உள்ளே போக வேண்டியது பயிற்சி. தடவலோடு நின்றுவிட்டால், அடுத்த சீசனில் வலி திரும்ப வந்து வாசலில் நிற்கும்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இயன்முறை மருத்துவம் 2021-ம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்ட துறை. சித்த மருத்துவர்களுக்கும் பதிவு உண்டு. கைரோபிராக்டிக்குக்கு இந்தியாவில் அப்படித் தனிச்சட்டப் பதிவு இல்லை. ஒரு வாரப் பயிற்சி முடித்தவரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். எனவே, உடம்பில் கை வைப்பதற்கு முன், ‘என்ன படிச்சிருக்கீங்க, பதிவு எண் என்ன’ என்று கேட்பதில் தவறில்லை. மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம்கூட இதைக் கேட்கிறோமே!

கழுத்தைத் திருகவே கூடாதவர்கள்!

கழுத்தைச் சட்டென்று திருகும்போது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. அரிதுதான். ஆனால், ஏற்பட்டால் திரும்பப் பெற முடியாத இழப்பு. முதியவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோர் கழுத்தையும் முதுகையும் முறிக்க விடவே கூடாது.

மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் கூடும் முதுகுவலி ஆகியவை சேர்ந்து இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அங்கே அழுத்தினால் எலும்பு நொறுங்கி, கால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து இருக்கிறது. முதுகுவலியோடு சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்குப் பகுதி மரத்தாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ, ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரையால் சிறுநீரகம் போகலாம்!

‘வலிக்கு ரெண்டு மாத்திரை’ என்று கடையில் வாங்கி, தினமும் விழுங்கிவிட்டு வெயிலில் வேலைக்குப் போவது ஆபத்தான பழக்கம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும்; சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வேர்வையில் உடம்பு வற்றியிருக்கும் நேரத்தில் இந்தப் பாதிப்பு இரட்டிப்பாகும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். சில நாள்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் போடலாம். மாதக்கணக்கில் கூடாது.

வீட்டிலேயே செய்யும் பயிற்சி!

முழங்கை வலிக்கு: முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி, கை மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பாட்டிலை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் 5 எண்ணும்வரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். 10 முதல் 15 தடவை, சற்று ஓய்வு, மொத்தம் 3 சுற்று. தினமும் ஒருமுறை. லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். நாற்று வேர்பிடிக்க நாள் வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்குப் பொறுமை புதிதல்ல.

விரல் மரத்துப்போனால்: இரவில் மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டையை (ஸ்ப்ளின்ட்) 6 வாரங்கள் கட்டிக்கொண்டு தூங்கலாம். ஆரம்ப நிலையில் பலருக்கு இதிலேயே தெளியும். தெளியாவிட்டாலோ, சதை வற்றத் தொடங்கினாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். மணிக்கட்டில் செய்யும் சிறிய அறுவை சிகிச்சைதான்.

பெருவிரல் வலிக்கு: பெருவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் வைக்கும் பட்டையைச் சில வாரங்கள் போட்டு, கிள்ளும் வேலையைக் குறைக்க வேண்டும்.

இடுப்புக்கு: அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, மெதுவாகப் பின்பக்கம் 5 தடவை வளையுங்கள். வலி இருந்தாலும் தினமும் நடையை நிறுத்த வேண்டாம். படுத்தே இருந்தால் இடுப்பு மேலும் இறுகும்.

வைத்தியத்தைவிடக் கருவியை மாற்றுங்கள்!

நோயாளியைச் சரிசெய்து அதே வேலைக்கு, அதே கருவியோடு அனுப்பினால் என்ன பயன்? இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில விவசாயக் கூலித் தொழிலாளர்கள். அங்கே கீரை, பீட்ரூட் வயல்களில் களையெடுக்கவும் பயிர் கலைக்கவும் குட்டைக் காம்பு வைத்த கொத்தைக் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் குனிந்தே வெட்டியாக வேண்டும். ‘எல் கோர்ட்டிட்டோ’ (குட்டையன்) என்று ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயர். தொழிலாளர்களின் முதுகு பாழாவதை மருத்துவர்கள் சாட்சியமாகச் சொன்னார்கள். மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1975-ம் ஆண்டு அந்தக் கொத்து தடை செய்யப்பட்டது. வேலை நின்றுபோகவில்லை. நீளக் காம்பு வந்தது, அவ்வளவுதான்.

நம் வயலில் இதைச் செய்ய நீதிமன்றம் தேவையில்லை. புன்செய் நிலத்துக்கு நின்றபடி தள்ளி இழுக்கும் நட்சத்திரக் களையெடுக்கும் கருவியும், வரிசை நடவு செய்த நெல் வயலுக்குக் கோனோவீடரும் இருக்கின்றன. மண்வெட்டிக்குக் காம்பு மாற்றும்போது, நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு நீளமாக, கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் பருமனில் பார்த்து வையுங்கள். மெல்லிய காம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் முழங்கை சீக்கிரம் களைக்கும். அரிவாளைத் தினமும் தீட்டுங்கள். மழுங்கிய அரிவாள் கூடுதல் வீச்சு கேட்கும்.

கறவையில், பெருவிரலை உள்ளே மடக்கி, அதன் கணுவால் மடிக்காம்பை அழுத்தி இழுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பெருவிரலுக்கும் கேடு, மடிக்காம்புக்கும் கேடு. மடிக்காம்பை உள்ளங்கைக்குள் பிடித்து, பெருவிரல்-ஆள்காட்டி விரலால் மேலே அடைத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடும் முழுக்கைக் கறவைதான் சரியான முறை. மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, பால் இறங்கியதும் 5 முதல் 7 நிமிடங்களில் கறந்து முடித்தால் கைக்கும் சுமை குறையும். மாடுகள் அதிகம் இருந்தால், கறவை இயந்திரம் பற்றிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பூப்பறிப்பில் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது, ஒரே ஆளை நாள் முழுக்க ஒரே வேலையில் விடாமல் பறிப்பு, கட்டுதல், சுமத்தல் என்று முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. வேலை கொடுப்பவர் மனசு வைத்தால் போதும்.

எங்கே போகலாம்?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கோ, சித்தப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஊர் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யலாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

? தினமும் விரலில் நெட்டி முறித்தால் மூட்டு தேய்ந்துவிடுமா?

தேயாது. டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர், இடது கையில் மட்டும் தினமும் நெட்டி முறித்து, வலது கையை அப்படியே விட்டு, 50 ஆண்டுகள் பரிசோதித்தார். இரண்டு கைகளிலும் வித்தியாசம் இல்லை என்று 1998-ம் ஆண்டு எழுதினார். வலிக்காத வரை பயம் வேண்டாம். வலியோடு சத்தம் வந்தால் காட்டுங்கள்.

? முழங்கையில் ஊசி போட்டால் உடனே சரியாகிறது என்கிறார்களே?

ஸ்டீராய்டு ஊசி போட்ட சில வாரங்களில் வலி வெகுவாகக் குறையும். ஆனால், முழங்கை வலியில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களைவிடப் போடாதவர்கள் நன்றாக இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. வலி போன தைரியத்தில் பழையபடி மண்வெட்டி பிடிப்பதும் நாணைக் கெடுக்கும். பெருவிரல் உறை வீக்கத்துக்கு ஊசி நல்ல பலன் தரும். எந்த நோய் என்று தெரிந்த பிறகே ஊசியை முடிவு செய்ய வேண்டும்.

? வேலையை முழுசாக நிறுத்தினால்தான் சரியாகுமா? நிறுத்தினால் அடுப்பு எரியாதே?

முழுதாக நிறுத்தத் தேவையில்லை. பாதிக்கப்பட்ட நாணுக்கு வேலையே கொடுக்காவிட்டால் அது மேலும் வலுவிழக்கும். வலியைக் கூட்டும் அந்த ஓர் அசைவை மட்டும் பாதியாகக் குறைத்து, மற்ற வேலைகளைச் செய்யலாம். 3 வாரங்களில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

? வீட்டில் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடலாமா?

இதமான சூட்டில் எண்ணெய் தடவி, சுகமாக இருக்கும் அளவுக்கு நீவிவிடலாம். சிவந்து, சூடாக வீங்கிய இடத்திலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் தேய்க்கக் கூடாது. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்தால், தேய்க்கும்போது கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.